பதினோரு நிமிட நன்னெறி

அத்தியாயம் 6

துப்பறியும் தொழிலுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் ஹெர்மீன் டூசேயைத் தேடிக் கொலைகாரனைப் பிடிக்கச் சொல்லி வந்தவர்கள் உண்டு, ஓடிப்போன புருஷனைப் பிடிக்கச் சொல்லி வந்தவர்கள் உண்டு. "நான் பொய் சொல்லல, அதுக்காக என்னைத் தண்டிக்கப் போறாங்க" என்று வந்தவள் வெர்னிஸ் ஷெனியர் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால். ஏப்ரல் வெயில் அதற்குள் ஜன்னல் கண்ணாடியைச் சுட ஆரம்பித்திருந்தது. வெர்னிஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற உடை. கையில் ஒரு கடிதம்.

"இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை, மிஸ் ஹெர்மீன். லாபிப் பதிவு வாரியத்துல. என் பேரைப் பதிவேட்டுல இருந்து எடுத்துடுவாங்க."

"எதுக்கு?"

"நன்னெறிப் பயிற்சியை முடிக்கலையாம்."

மூலையில் உட்கார்ந்து பூதின் சாசேஜைப் பிதுக்கித் தின்றுகொண்டிருந்த லூசியஸ் பிக்கூவுக்குப் புரையேறியது. லூசியஸ் ஹெர்மீனின் உதவியாள். முப்பத்து நான்கு வயது. வாய் மட்டும் இன்னும் பதினாறில் நின்றுவிட்டது.

"லாபிக்காரருக்கு நன்னெறியா! முதலைக்குப் பல் விளக்கச் சொல்லிக் குடுக்கற மாதிரி. பல் சுத்தமாகும், கடி நிக்காது."

மாநிலத் தலைநகரான எங்கள் பேட்டன் ரூஜில் லாபிக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. சட்டசபை கூடுகிற மாதங்களில் கோபுரக் கட்டடத்தின் பளிங்குக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. எண்ணெய்க்கு ஒருவர், கரும்புக்கு ஒருவர், சூதாட்டப் படகுக்கு மூவர். கூலி கொடுக்கிறவர்களுக்காக உறுப்பினர்களின் காதைக் கடிப்பது அவர்கள் தொழில். அப்படிக் கடிக்கப் பதிவு வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஒரு மணி நேரம் நன்னெறிப் பயிற்சி எடுத்தாக வேண்டும். ஒரு வருஷத்தில் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரம் இருக்கிறது, கண்ணுகளா. அதில் ஒன்றே ஒன்று நன்னெறிக்கு. அந்த ஒன்றும் எங்கே போனது என்பதுதான் இந்த அத்தியாயம்.

"ஏன் முடிக்கல?" ஹெர்மீன் கேட்டாள்.

"அது ஒரு படம். கம்ப்யூட்டர்ல ஓடும். நாலு பாகம். ரிட்டயர்டு நீதிபதி ஃபியூசிலியேன்னு ஒருத்தர் பாடம் நடத்துவாரு. மொத ரெண்டு பாகம் நல்லாத்தான் ஓடுச்சு. மூணாவதுல சத்தமே இல்ல. பதினோரு நிமிஷம் அவரு வாயை அசைக்கிறாரு, ஒரு பொட்டுச் சத்தம் வரல. நாலாவது பாகம் வெறும் எழுத்து, படிச்சுட்டேன். கடைசியில ஒரு கட்டம் வந்துச்சு. 'முழுப் பாடத்தையும் கேட்டேன்'னு டிக் போடணும். நான் போடல."

"ஏன்?"

"கேக்கலையே."

லூசியஸ் சாசேஜைக் கீழே வைத்தான். "நீங்க இந்தத் தொழிலுக்குப் புதுசோ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அதான் பாத்தேன்."

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அவள் முதியோர் இல்லத்தில் பணிப்பெண். போன புயலில் நாலு நாள் கரண்ட் இல்லை. இல்லத்தில் ஜெனரேட்டரும் இல்லை. அவள் பார்த்துக்கொண்ட வார்டில் மூன்று பேர் புழுக்கத்திலேயே செத்துப்போனார்கள். வெர்னிஸ் வேலையை விட்டுவிட்டு, பணிப்பெண்களுக்கும் அங்கே கிடப்பவர்களின் குடும்பங்களுக்கும் சேர்த்து லாபிக்காரியாகப் பதிந்துகொண்டாள். எல்லா இல்லங்களிலும் ஜெனரேட்டர் கட்டாயம் என்று ஒரு மசோதா. இரண்டு வருஷம் கெஞ்சி, நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சட்டசபைக் குழுவுக்கு வருகிறது.

"நாளைக்குப் பேசணும்னா இன்னிக்கு நாலரைக்குள்ள பேச்சாளர் பட்டியல்ல பேர் குடுக்கணும். மூணு மணிக்கு என் பேரை எடுத்துட்டாங்கன்னா ஒரு வருஷத்துக்கு எந்தக் குழுவுலயும் நான் வாயே திறக்கக் கூடாது."

"புகார் குடுத்தது யாரு?"

"ப்ரெஸ்டன் ஹ்யூவல்."

முதியோர் இல்ல முதலாளிகளின் லாபிக்காரர். முப்பது வருஷமாக அதே பளிங்குக் கூடம், அதே தூண், அதே சிரிப்பு.

"சத்தம் வரலைன்னு வாரியத்துக்குச் சொன்னீங்களா?"

"மூணு தடவை போன் பண்ணேன். டிசம்பர்ல கடிதாசி போட்டேன். அப்படி ஒண்ணு வரவே இல்லைங்கறாங்க. என் பேருக்கு நேரா 'பரிசீலனையில்'னு போட்டு வெச்சிருந்தாங்க. மசோதா பட்டியல்ல ஏறின மறுநாளே ஹ்யூவல் புகார் குடுத்துட்டாரு."

ஹெர்மீன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அது வாரியத்தின் விசாரணை அறிவிப்பு. சத்தம் பற்றி அதில் இரண்டே வரி. இதே படத்தைப் பார்த்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சான்று பெற்றிருக்கிறார்கள். சத்தம் குறித்து எவரும் குறை கூறவில்லை. எனவே குறை படத்தில் இல்லை.

"படத்தைப் போட்டுப் பாத்தா தெரிஞ்சுடுமே?"

"வருஷக் கடைசியில அழிச்சுட்டாங்களாம். அடுத்த படம் ஜூலையிலதான்."

ஹெர்மீன் மெதுவாகத் திரும்பினாள். "லூசியஸ். போன வருஷம் க்ராஃபிஷ் பண்ணைக்காரங்களுக்கு லாபி பண்றேன்னு ஆறு மாசம் போனியே. இந்தப் பயிற்சி எடுத்தியா?"

"எடுத்தேனே. சான்றிதழ் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்."

"மூணாம் பாகத்துல சத்தம் இருந்துச்சா?"

லூசியஸ் கூரையைப் பார்த்தான். "நான் குளிச்சிட்டிருந்தேன் மேடம்."

"ஒரு மணி நேரமா?"

"நன்னெறிக்காக நல்லாவே தேய்ச்சுக் குளிச்சேன்."

ஹெர்மீன் அவனை விட்டுவிட்டு வெர்னிஸிடம் வந்தாள். "அந்த மூணாம் பாகத்துல நீதிபதி என்ன உடுத்தியிருந்தாரு?"

"மொத ரெண்டுல நீல டை. மூணாவதுல கழுத்தைச் சுத்தி கம்பளி மஃப்ளர். திரையோட மூலையில ஆகஸ்ட் 20-ன்னு இருந்துச்சு."

"ஆகஸ்ட்ல. நம்ம ஊர்ல. மஃப்ளர்."

ஹெர்மீன் எழுந்து கைப்பையை எடுத்தாள்.

*

நண்பகல். கோபுரத்துக்கு முன்னால் இருந்த புல்வெளியில் பெரிய அண்டாக்கள் கொதித்தன. அன்றைய விருந்து ப்ரெஸ்டன் ஹ்யூவலுடையது. நீள மேஜைகளில் செய்தித்தாள் விரித்து, வேகவைத்த க்ராஃபிஷ் இறால்களைச் சிவப்பு மலையாகக் கொட்டியிருந்தார்கள். உறுப்பினர்களும் லாபிக்காரர்களும் தோளோடு தோள் உரசி நின்று ஓட்டைத் திருகித் தலையை உறிஞ்சினார்கள். உறிஞ்சும் சத்தத்தில் ஜனநாயகம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

ஹெர்மீன் கரும்பு ஆலைகளின் ஆளிடம் போய் நின்றாள். யாருக்காக வந்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"நன்னெறிப் படத்துல சத்தமே இல்லன்னு ஒரு அம்மா சொல்லிட்டுத் திரியறாங்க. நீங்க பாத்தீங்களே, மூணாம் பாகம் எப்படி இருந்துச்சு?"

"அதுவா? பிரமாதம்! நீதிபதி குரல் இருக்கே, சர்ச் மணி மாதிரி. அப்படியே நெஞ்சுல இறங்கிடும்."

"நடுவுல இருமினாரோ?"

"ஆமாமா. ஒரு ரெண்டு தடவை. பாவம், வயசாச்சு."

"நீல டைதானே?"

"நீல டைதான்."

"எழுதிக் குடுப்பீங்களா? இன்னிக்கு விசாரணையில காட்டணும்."

"தாராளமா!" விரலில் இருந்த சிவப்பு மசாலாவோடு ஒரு காகித நாப்கினை இழுத்து எழுதி, கையெழுத்தும் போட்டார்.

சூதாட்டப் படகுகளின் லாபிக்காரி இன்னும் ஒரு படி மேலே போனாள். மூன்றாம் பாகத்தில் தனக்கு அழுகையே வந்துவிட்டதாம். எந்த இடத்தில் என்று ஹெர்மீன் கேட்டதற்கு, "எல்லா இடத்துலயும்தான்" என்றாள். நாப்கினில் அதையும் எழுதினாள்.

ஹ்யூவல் தானாகவே வந்தார். வெள்ளி முடி, கோடு போட்ட கோட்டு. கோட்டில் ஒரு துளி எண்ணெய் இல்லை. அந்த விருந்தில் கை நனைக்காதவர் அவர் ஒருவர்தான்.

"கேள்விப்பட்டேன் மிஸ் ஹெர்மீன். அந்த வெர்னிஸ் நல்ல பொம்பளைதான். ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல? நான் அந்தப் பாடத்தை ரெண்டு தடவை கேட்டேன். என் பேத்தியையும் பக்கத்துல உக்கார வெச்சேன். ஆழமான குரல். அப்பா புத்தி சொல்ற மாதிரி."

"அதையும் எழுதிடுங்களேன்."

அவர் தன் சொந்தப் பேனாவை எடுத்து எழுதினார். அழகான கையெழுத்து.

ஒன்பது நாப்கின்களோடு இருவரும் காருக்கு வந்தபோது லூசியஸின் பொறுமை அறுந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். நாம யாருக்கு வேலை பாக்கறோம்? அந்தம்மாவைக் காப்பாத்தக் கிளம்பி அவங்களுக்கு எதிரா ஒம்பது சாட்சி சேத்திருக்கோம். இன்னும் அரை மணி நின்னா தூக்குக் கயிறும் வாங்கிட்டு வந்திருப்போம்."

"துப்பறியறதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"கோர்ட்ல டைப் அடிச்சிட்டிருந்தீங்க."

"அதுல ஆறு வருஷம் இதே நீதிபதி அரிஸ்டீட் ஃபியூசிலியே கோர்ட்லதான். அவரு குரல் எப்படி இருக்கும் தெரியுமா? தகர டப்பாவுல ஆணியை இழுத்த மாதிரி. அவரு தீர்ப்பு வாசிச்சா கைதிங்களே காதைப் பொத்திப்பாங்க. சர்ச் மணியாம்! மூணாம் பாகத்தை விடு, லூசியஸ். இந்த ஒம்பது பேர்ல ஒருத்தரும் மொத பாகத்தையே கேக்கல."

லூசியஸ் நாப்கின்களை இப்போது பயபக்தியோடு பிடித்துக்கொண்டான். "அப்போ ஜெயிச்சுட்டோம்!"

"எங்க ஜெயிச்சோம்? இவங்க பொய் சொல்றாங்கன்னுதான் இது காட்டும். சத்தம் இல்லன்னு காட்டாது. படம் அழிஞ்சு போச்சு. அந்தப் பதினோரு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச இன்னொரு ஆளு வேணும்."

"பாத்தவங்களே இல்லையே."

"பேசினவர் இருக்காரே."

லூசியஸ் போனில் நீதிபதியின் எண்ணைத் தேடி அழைத்தான். காதில் வைத்தான். முகம் மாறியது.

"எடுத்தாங்க மேடம். ஹலோ ஹலோங்கறேன், பேச்சே இல்ல. டொக் டொக்னு ரெண்டு தட்டு. அவ்ளோதான். வெச்சுட்டாங்க. பேயா இருக்குமோ?"

ஹெர்மீன் காரைக் கிளப்பிவிட்டாள். "பேய் போனை எடுக்காது. வண்டியில ஏறு."

*

நீதிபதியின் வீடு ஃபால்ஸ் ரிவர் ஏரிக்கரையில். முக்கால் மணி நேர ஓட்டம். தண்ணீருக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தின் கோடியில் தூண்டிலோடு ஒரு முதுகு தெரிந்தது.

"நீதிபதி ஐயா!" லூசியஸ் கத்தினான்.

அவர் திரும்பினார். எண்பது வயது. இந்த வெயிலிலும் கழுத்தில் கம்பளி மஃப்ளர்.

அடுத்த பத்து நிமிடம் அங்கே பேசியது ஹெர்மீன் மட்டும்தான். லூசியஸ் வாயைத் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அப்படி நடந்ததற்கு வேறு பதிவு இல்லை. எல்லாவற்றையும் கேட்ட நீதிபதிக்கு முதலில் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு குலுங்கல் நின்றது. தூண்டிலைச் சுருட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

திரும்பும்போது மிசிசிப்பிப் பாலத்தில் நெரிசல். கார்கள் நத்தையாய் ஊர்ந்தன. இரண்டு ஐம்பத்து நாலு. லூசியஸ் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு அடுத்த கைக்குப் போனான். பாலத்தைத் தாண்டியதும் ஹெர்மீன் ஓட்டிய ஓட்டத்தை இங்கே எழுதினால் அவள் உரிமம் போய்விடும்.

*

விசாரணை அறை நிறைந்திருந்தது. விருந்து முடிந்த கையோடு லாபிக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அறை முழுக்க எலுமிச்சையும் மிளகாயும் மணந்தது. முன் வரிசையில் ஒரு பத்திரிகைக்காரி நோட்டுப் புத்தகத்தோடு இருந்தாள். தனியாக ஒரு மேஜையில் வெர்னிஸ்.

வாரியத் தலைவர் காஸ்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மிஸ்டர் ஹ்யூவல், சொல்லுங்க."

"சுருக்கமா முடிச்சுடறேன் தலைவரே. அனுதாபம் வேற, விதி வேற. பதினோரு நிமிஷமோ பதினோரு செகண்டோ, முழுப் பாடத்தையும் கேக்காதவங்க பேரு நம்ம பதிவேட்டுல இருக்கக் கூடாது. இன்னிக்கு ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு நன்னெறிக்கு என்ன மரியாதை?"

பின் வரிசையில் கைதட்டல்.

ஹெர்மீன் எழுந்தாள். "மிஸ் ஷெனியர் சார்பா நான் பேசறேன். மிஸ்டர் ஹ்யூவல் சொன்னதை நாங்க முழுசா ஒத்துக்கறோம்."

வெர்னிஸ் திடுக்கிட்டுப் பார்த்தாள். லூசியஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"மூணாம் பாகத்தைக் கேக்காத யாரா இருந்தாலும் சான்று செல்லாது, பேரை எடுத்துடணும். இதை வாரியத்தோட முடிவாவே குறிப்புல ஏத்திடலாமா தலைவர் ஐயா? பின்னாடி யாரும் மாத்திப் பேசக் கூடாது பாருங்க."

காஸ்டனுக்கு வேலை சுலபமானதில் சந்தோஷம். வாரிய உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு முடிவு குறிப்பில் ஏறியது.

"நன்றி. இதோ ஒம்பது சாட்சியம். மிஸ்டர் ஹ்யூவலோடதும் இருக்கு." அவள் நாப்கின்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். சர்ச் மணி. அழுகை. இருமல். நீல டை. ஆழமான குரல், அப்பா புத்தி சொல்கிற மாதிரி. "எல்லாரும் இதுல நிக்கறீங்களா?"

"நிக்கறோம்!"

காஸ்டனே தலையாட்டினார். "நானும் பாத்தேன். அருமையான பாகம்."

"அப்போ ஒரே ஒரு சாட்சிதான் பாக்கி. பாடம் நடத்தின நீதிபதி ஃபியூசிலியே."

கதவு திறந்தது. அவர் மெதுவாக நடந்து வந்து சாட்சி மேஜையில் கை வைத்தார்.

"உண்மையே பேசுவேன்னு சத்தியம் பண்ணுங்க, நீதிபதி ஐயா," என்றார் காஸ்டன். "வாய் விட்டுச் சொல்லணும்."

நீதிபதி மஃப்ளரைக் கழற்றினார்.

தொண்டைக் குழியில் ஒரு சின்ன ஓட்டை. அதன் மேல் மெல்லிய வலைத்துணி. அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பலகையை எடுத்து எழுதி, லூசியஸின் பக்கம் திருப்பினார். லூசியஸ் உரக்க வாசித்தான்.

"முடியாது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி குரல்வளையை எடுத்துவிட்டார்கள்."

அறையில் யாரோ மென்றுகொண்டிருந்தது நின்றது.

பலகை அழிந்தது, மறுபடி நிறைந்தது. "முதல் இரண்டு பாகம் ஜூலையில் பேசினேன். மூன்றாவது, ஆகஸ்ட் இருபது. வாயை மட்டும் அசையுங்கள், வேறு ஆள் குரலைப் பிறகு சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சேர்க்கவில்லை என்று இன்று மதியம்தான் தெரிந்தது."

இன்னும் ஒன்று எழுதினார். "அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டதாகச் சொல்லும் அந்தக் குரலை எனக்கும் கேட்க ஆசை."

பின் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு இன்னொன்று. கரும்பு ஆலைகளின் ஆள் குனிந்தபடி வெளியே போனார். சூதாட்டப் படகுக்காரி போனில் பேசுவதுபோல் நடித்துக்கொண்டே போனாள். போன் தலைகீழாக இருந்தது. அரை நிமிடத்தில் பின்பக்கம் காலி. பத்திரிகைக்காரி மட்டும் தாளைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தாள்.

காஸ்டனின் நெற்றி வியர்த்தது. "மிஸ் ஷெனியர், உங்க மேல இருந்த புகார் தள்ளுபடி. அந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டுட்டு நீங்க கிளம்பலாம்."

மணி மூன்று நாற்பது. சான்றுப் படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்கள்.

வெர்னிஸ் அதைத் தொடவில்லை. "போட முடியாதுங்க."

"ஏம்மா?"

"இன்னும் கேக்கலையே."

"மிஸ் வெர்னிஸ்," லூசியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான், "உங்க கால்ல வேணா விழறேன். ஒரு சின்ன டிக். நாலரைக்குப் பட்டியலை மூடிடுவாங்க."

"தெரியும் தம்பி. ரெண்டு வருஷமா இதுக்காகத்தான் நாயா அலைஞ்சேன். அதுக்காகக் கேக்காததைக் கேட்டேன்னு எழுதினா, அந்தாளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அந்தாள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

நீதிபதி மேஜையை இரண்டு முறை தட்டினார். டொக் டொக். பலகையில்: "பாடம் என் நினைவில் இருக்கிறது. இப்போதே நடத்துகிறேன். வாசிக்க ஒரு குரல் வேண்டும்." மெல்லத் திரும்பி, விரலை ஹ்யூவலை நோக்கி நீட்டினார். "ஆழமானதாக."

"நானா? இது… இது முறையில்ல—"

"நன்னெறிக்கு மரியாதை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் ஹெர்மீன். பத்திரிகைக்காரி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். ஹ்யூவல் எழுந்தார்.

நீதிபதி எழுத எழுத அவர் வாசித்தார். நல்ல குரல்தான், அதை மறுக்க முடியாது.

"உங்களுக்காக உங்கள் உதவியாளர் பயிற்சி எடுத்தால், சான்று உதவியாளருக்குச் சேரும். உங்களுக்கு இல்லை."

குரல் கொஞ்சம் இறங்கியது.

"செல்லாத சான்றோடு உறுப்பினரிடம் பேசினால், பேசிய ஒவ்வொரு நாளும் ஒரு தனிக் குற்றம்."

இன்னும் இறங்கியது. வெர்னிஸ் கை தூக்கினாள்.

"ஐயா, சான்று செல்லாதுன்னு அவருக்கே தெரியாம பேசியிருந்தா?"

நீதிபதியின் முகம் மலர்ந்தது. வாத்தியாருக்குக் கேள்வி கேட்கிற ஆள் கிடைத்த மலர்ச்சி. எழுதினார். ஹ்யூவல் வாசித்தார். "தெரியாமல் இருந்தால் மன்னிக்கலாம். தெரியாமல் இருக்கப் பாடுபட்டிருந்தால் மன்னிக்க முடியாது."

பதினோரு நிமிடம் என்று கணக்கு. வெர்னிஸ் இன்னும் மூன்று கேள்வி கேட்டதில் இருபத்தாறு ஆயிற்று. நாலு மணி எட்டு நிமிடத்துக்கு அவள் பேனாவை எடுத்து டிக் போட்டாள். நீதிபதி கீழே சாட்சிக் கையெழுத்திட்டார்.

ஹ்யூவல் தொண்டையைச் செருமினார். "நானும் முழுசா வாசிச்சாச்சு. எனக்கும் ஒரு சான்று போட்டுடலாமே."

நீதிபதி அவரை நிதானமாகப் பார்த்தார். எழுதினார். லூசியஸ் வாசித்தான், ருசித்து ருசித்து.

"மிஸ் ஷெனியர் கேட்ட கடைசிக் கேள்வி என்ன?"

ஹ்யூவல் சுவரைப் பார்த்தார். வெர்னிஸைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பிறர் எழுதிக் கொடுத்ததை வாசித்துப் பழகிய வாய் அது. காதுக்கு அதில் வேலை இருந்ததே இல்லை.

"அடுத்த வகுப்பு எப்போ?" என்று கடைசியில் கேட்டார்.

பலகை திரும்பியது. "ஜூலையில் படம் வரும். அதுவரை எனக்கு மீன்பிடி."

"தலைவர் ஐயா," ஹெர்மீன் எழுந்தாள், "மூணு அஞ்சுக்கு ஏத்தின முடிவை ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க."

எழுத்தர் வாசித்தார். மூன்றாம் பாகத்தைக் கேட்காத யாராக இருந்தாலும் சான்று செல்லாது. பெயர் பதிவேட்டில் இருக்கக் கூடாது. ஒருமனதான முடிவு.

"அந்தக் கணக்குல இப்போ பதிவேட்டுல எத்தனை பேர் மிச்சம்?"

காஸ்டன் பத்திரிகைக்காரியின் பேனாவையே பார்த்தார். அது அசையாமல் காத்திருந்தது.

"ஒருத்தர்," என்றார்.

"மேடம்," லூசியஸ் காதோரம் வந்தான், "போன அறுநூத்துப் பன்னெண்டுல நானும் ஒருத்தன்."

"உனக்குப் போறதுக்கு அந்த ஃப்ரேம் மட்டும்தான். வா."

*

குழு அறைக்கு வெளியே பேச்சாளர் பட்டியலை வைத்திருந்த பெண்ணுக்குப் பெரிய கண்ணாடி, சின்ன மேஜை. ஒரு கையில் போன், மறு கையில் சிவப்பு மை. வெர்னிஸ் படியேறி மூச்சிரைக்க வந்தபோது நாலு பதினெட்டு.

"மசோதாவுக்கு ஆதரவா. வெர்னிஸ் ஷெனியர்."

"உங்களைத்தான் தேடிட்டிருந்தேன், மிஸ் வெர்னிஸ். வாரியத்துல இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு." அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். மசோதாவை எதிர்த்துப் பேசப் பதினாலு பேர் கொடுத்திருந்தார்கள். பதினாலு பெயர்கள் மீதும் சிவப்புக் கோடு. இல்ல முதலாளிகள் நேரில் வந்து பேசலாம், தடையில்லை. ஆனால் தங்கள் வாயால் பேசுகிற வழக்கம் அவர்களுக்கு விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. அன்று மாலை அத்தனை பேரும் வளைகுடாவில் படகில் இருந்தார்கள்.

கோடுகளுக்குக் கீழே அந்தப் பெண் ஒரு பெயரை எழுதினாள். ஒரே பெயர்.

"ஆளுக்கு மூணு நிமிஷம்னு விதி. அது கூட்டத்தைச் சமாளிக்க வெச்சது. நாளைக்குக் கூட்டமே இல்ல. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் அறை சும்மாதான் கிடக்கும். குழுத் தலைவர் கேக்கச் சொன்னாரு." சிவப்பு மையை மூடிவிட்டுக் கறுப்புப் பேனாவை எடுத்தாள். "எவ்வளவு நேரம் வேணும் உங்களுக்கு?"

லூசியஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஹெர்மீன் அவன் காலை மிதித்தாள்.

வெர்னிஸ் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக மூன்று நிமிடத்துக்குள் வெட்டி வெட்டிச் சுருக்கிய காகிதம் கைப்பையில் இருந்தது. அதை வெளியே எடுத்துப் பார்த்தாள். மடித்து உள்ளே வைத்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள். "இதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல. யோசிச்சுச் சொல்றேன்."